நல்ல கண்ணைத்தான் மூட வேண்டும்
பிள்ளைக்காம்பராவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா பார்த்தே என் காலம் போனது. இப்போது பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதியிருந்தாலும் வேலை அதேதான். பெரட்டுக்கு ஓடும் தாய் காலையில் பிள்ளையை உங்கள் கையில் தருகிறாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்கிறாள். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கு உங்களிடம்தான் கழிகிறது.

நிறை பார்ப்பது, தடுப்பூசி, சத்துணவு எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு கண்ணில் பார்வை மந்தமான பிள்ளைக்கு மற்றக் கண்ணில் பிளாஸ்டர் ஒட்டிச் செய்யும் வைத்தியத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசியிருக்க மாட்டார்கள். வைத்தியர் அதை ஒரு துண்டில் எழுதித் தருவதோடு அவர் வேலை முடிந்தது. நாள் தவறாமல் அது நடக்கிறதா என்பது நம் பாடு. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

1. என்ன நோய் என்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

பிறந்த பிள்ளைக்கு முழுப் பார்வை இருப்பதில்லை. கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ள மூளை பழக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி முதல் ஏழெட்டு வயதுக்குள் நடந்து முடிகிறது. அதற்கிடையில் ஒரு கண் வேறு பக்கம் திரும்பியிருந்தாலோ, ஒரு கண்ணின் பவர் மற்றதோடு பொருந்தாமல் இருந்தாலோ, கண்புரையோ தொங்கிய இமையோ ஒளியை மறைத்தாலோ, மூளை தெளிவாகத் தெரியும் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். கொழுந்து எடுக்காமல் விட்ட மலை காடேறிப் போவது போல, ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வையும் வளராமல் நின்றுவிடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். உலகில் நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவர் வரையானோருக்கு இது இருக்கிறது.

டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில வாரங்கள் மூடிவைத்துப் பார்த்தார்கள். மறுபடி திறந்தபோது கண் நன்றாகவே இருந்தது, ஆனால் மூளை அதைச் சட்டை செய்யவில்லை. வளர்ந்த பூனைக்கு அப்படிச் செய்தால் ஒன்றும் ஆகவில்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1981இல் மருத்துவ நோபல் பரிசில் இவர்களுக்குப் பங்கு கிடைத்தது. சிறுவயதில் கெட்டதைச் சிறுவயதிலேயே திருத்த வேண்டும் என்று வைத்தியர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

2. கண் நேராக இருக்கிறது என்பதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மாறுகண் என்றால் பார்த்தவுடன் தெரியும். பவர் வித்தியாசத்தால் வரும் சோம்பல் கண்ணுக்கு வெளியடையாளமே கிடையாது. பிள்ளை ஓடும், விளையாடும், ஒரு கண்ணாலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளும். அதற்கே தெரியாது, பிறகு எப்படிச் சொல்லும்?

ஆகையால் விளையாட்டாகப் பாருங்கள். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி ஒரு படத்தைக் காட்டுங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிக் காட்டுங்கள். ஒரு கண்ணை மூடும்போது பேசாமல் இருந்த பிள்ளை, மற்றதை மூடும்போது கையைத் தட்டிவிட்டால், தலையைத் திருப்பினால், சிணுங்கினால் குறித்துவையுங்கள். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது, பொருளை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பது ஆகியவற்றையும் குறியுங்கள். நோய் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. மிட்வைப் மிஸ்ஸிடமோ தோட்டத்து டாக்டர் ஐயாவிடமோ சொல்லித் துண்டு வாங்கிக் கொடுங்கள்.

கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

3. "மாறுகண் அதிர்ஷ்டம்" என்பவர்களோடு சண்டை போடாதீர்கள், விட்டும் கொடுக்காதீர்கள்.

லயத்தில் இதை நூறு பேர் சொல்வார்கள். "வளர வளர நேராயிரும்" என்று அப்பாயி சொல்வார். கைக்குழந்தைக்கு மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் கண் மாறியிருப்பது போல் தோன்றுவது உண்மைதான். ஆனால் அது வெறும் தோற்றமா, உண்மையிலேயே மாறுகண்ணா என்று வைத்தியர்தான் பிரித்துச் சொல்ல முடியும். மூன்று நான்கு மாதம் தாண்டியும் கண் விலகி நின்றால் காட்டியே ஆக வேண்டும்.

கண்ணூறு கழிக்க வேண்டும் என்றால் கழிக்கட்டும், கோயிலில் நேர்த்தி வைத்தால் வைக்கட்டும். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. கண்ணுக்குள் மட்டும் எதையும் ஊற்ற விடாதீர்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

4. கிளினிக் போகும் நாளைத் தாயோடு உட்கார்ந்து திட்டமிடுங்கள்.

டிக்கோயா, நுவரெலியா, கண்டி என்று எங்கே அனுப்பினாலும் ஒரு முழு நாள் போகும். மலைக்குப் போகாத நாளுக்குப் பேரு விழாது. அந்தக் கணக்குத் தெரியாதவர்கள் போல "பிள்ளையைவிட காசு பெருசா?" என்று தாயைக் கேட்காதீர்கள். முன்கூட்டியே கங்காணியிடமும் ஐயாவிடமும் சொல்லி வைக்க உதவுங்கள். பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மருந்து இலவசம் என்றாலும் கண்ணாடிக்குப் பணம் தேவைப்படலாம். நலன்புரி உத்தியோகத்தரிடம் வழி கேளுங்கள்.

பவர் பார்ப்பதற்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரிப்பார்கள். வீடு திரும்பும்போது பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கலாக இருக்கும். "போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு, கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று தாய் பயந்து அடுத்த முறை போகாமல் விடுவதுண்டு. இது தானாகவே தீர்ந்துவிடும் என்று முதலே சொல்லி, ஒரு தொப்பியும் கொடுத்து விடுங்கள்.

5. கண்ணாடிதான் முதல் மருந்து.

கண்ணாடி எழுதித் தந்தால் பிளாஸ்டருக்கு அவசரப்படாதீர்கள். பல வைத்தியர்கள் சில மாதங்கள் கண்ணாடியை மட்டும் போடவைத்துப் பார்ப்பார்கள். பவர் வித்தியாசத்தால் வந்த சோம்பல் கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட அந்தப் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு அதிலேயே குணமானது.

ஆனால் அலமாரியில் பத்திரமாக இருக்கும் கண்ணாடி யாரையும் குணப்படுத்தாது. உடைத்துவிடும் என்று தாய் பூட்டி வைப்பாள். காதுக்குப் பின்னால் ஒரு இலாஸ்டிக் பட்டி தைத்துக் கொடுங்கள். காலையில் பிள்ளை படியேறும்போது முகத்தில் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டர் தொடங்கிய பிறகும் கண்ணாடி வேண்டும், ஏனென்றால் திறந்திருக்கும் கண்ணுக்குத்தான் அந்தப் பவர் தேவை.

6. மூட வேண்டியது நல்ல கண்ணை.

இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ஓர் அம்மாயி, பேத்தியின் மந்தமான கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து அந்தக் கண்ணிலேயே நாள்தோறும் ஒட்டிக்கொண்டிருந்தார். புண்ணை மூடித்தானே கட்டுகிறோம் என்ற நினைப்பு. பாசத்தில் செய்ததுதான், ஆனால் பலன் தலைகீழ். நல்ல கண்ணை மூடினால்தான் ஒதுங்கிக் கிடக்கும் கண் வேலைக்கு வரும்.

பிரெஞ்சுக்காரரான பஃபோன் 1743இலேயே மாறுகண் பிள்ளைகளுக்கு நல்ல கண்ணை மூடச் சொல்லி எழுதியிருக்கிறார். அன்று முதல் மூடும் பொருள் மாறியிருக்கிறது, மூடும் கண் மாறவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி போடுங்கள். முதல் பக்கத்தில் எந்தக் கண்ணை மூட வேண்டும், எத்தனை மணி நேரம், அடுத்த கிளினிக் என்றைக்கு என்று பெரிதாக எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத வீட்டாருக்கு ஒரு முகம் வரைந்து மூட வேண்டிய கண்ணைக் கறுப்பாகத் தீட்டிக் கொடுத்துவிடுங்கள்.

7. மணிக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளாமல் கொப்பியில் எழுதுங்கள்.

நாள் முழுவதும் மூடினால்தான் குணமாகும் என்று முன்பு நினைத்தார்கள். வட அமெரிக்கச் சிறார் கண் வைத்தியர்கள் சேர்ந்து செய்த ஆய்வுகள் 2003இல் வந்தபின் அந்த எண்ணம் மாறியது. நடுத்தர மந்தத்துக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடியவர்களும் 6 மணி நேரம் மூடியவர்களும் நான்கு மாதத்தில் ஒரே அளவு தேறினார்கள். கடுமையான மந்தத்தில், 6 மணி நேரமும் முழுநாளும் ஒரே பலனைத் தந்தன. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்வார், கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமை இல்லை. கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அளவுக்கு மிஞ்சி மூடினால் நல்ல கண்ணே மந்தமாகிவிடலாம். அதனால்தான் கிளினிக் திகதி தவறக் கூடாது என்கிறார்கள்.

2 மணி நேரம் என்றால் கேட்கச் சுலபமாக இருக்கும். இலண்டனில் சில ஆய்வாளர்கள் பிளாஸ்டரோடு சிறு கருவியை இணைத்து அளந்து 2004இல் வெளியிட்டார்கள். சொன்ன நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் பிள்ளைகள் உண்மையில் மூடியிருந்தார்கள். அங்கேயே அப்படி என்றால், தாய்மார் விடியலில் மலைக்குப் போகும் ஊரில் எப்படி இருக்கும்?

ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். காலைத் தேத்தண்ணி முடிந்து முகம் துடைத்ததும் ஒட்டுங்கள், பகல் சோற்றுக்கு முன் எடுங்கள். தூங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூங்குகிற பிள்ளைக்கு எந்தக் கண்ணும் வேலை செய்வதில்லை. ஒட்டிய நேரம், எடுத்த நேரம் இரண்டையும் அன்றன்றே எழுதுங்கள். பிள்ளை பாதியில் பிய்த்துப் போட்டால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். குணமாகவில்லை என்று வைத்தியர் மருந்தை மாற்ற நினைக்கும்போது, மருந்து பலிக்கவில்லையா, மருந்தே உள்ளே போகவில்லையா என்று அந்தக் கொப்பிதான் சொல்லும்.

ஞாயிறு, போயா, தீபாவளி, மாரியம்மன் திருவிழா நாட்களில் இது விட்டுப்போகும். தாய் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருந்தால் அந்த நாட்களுக்கு யார் பொறுப்பு என்று வீட்டில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "எல்லாரும் பார்த்துக்கிறோம்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை.

8. ஒட்டுவதும் ஒரு கைவேலை, பழகிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டரை முகத்தோலில் ஒட்டி அதன்மேல் கண்ணாடியைப் போட வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் துணி கட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும். ஒட்டுமுன் இரண்டு இமையும் மூடியிருக்கட்டும். மூக்கோரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நம் மலையில் மே தொடங்கிப் பல மாதம் மழையும் பனிமூட்டமும்தான். ஈர முகத்திலும் எண்ணெய் தடவிய முகத்திலும் பிளாஸ்டர் நிற்காது. "தலைக்கு எண்ணெய் வைங்க, நெற்றிக்குக் கீழே வேண்டாம்" என்று தாயிடம் சொல்லுங்கள். பிளாஸ்டர் கட்டை ஈரச் சுவரோரம் வைக்காமல் மூடிய டின்னில் வையுங்கள். கடையில் கிடைக்காத நாளில் மடித்த காஸ் துணியும் மைக்ரோபோர் டேப்பும் போதும், ஆனால் ஒளி புகாத அளவுக்கு அடர்த்தியாக இருக்க வேண்டும்.

எடுக்கும்போது இழுக்காதீர்கள். வெந்நீரில் நனைத்த துணியால் ஓரத்தை ஊறவைத்து மெல்ல உரியுங்கள். ஒருநாள் வலித்தால் மறுநாள் பிளாஸ்டரைக் கண்டதுமே பிள்ளை ஓடும். தோல் சிவந்தால் ஒட்டும் கோணத்தை மாற்றுங்கள். புண்ணானால் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

9. முதல் வாரம் பிள்ளை பக்கத்தில் இருங்கள்.

நல்ல கண்ணை மூடியதும் பிள்ளைக்கு உலகம் மங்கிவிடும். அழும், பிடிவாதம் பிடிக்கும், சுவரில் மோதும். அதைக் குறும்பு என்று அடிக்காதீர்கள். நம் இடம் சமதரையும் இல்லை. வாசல் படி, கான், அடுப்படி, வளைவில் வரும் லொறி எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டர் நேரத்தில் பிள்ளை உள்ளேயோ வேலி போட்ட வாசலிலோ விளையாடட்டும்.

என்ன விளையாடலாம்? மணி கோக்கலாம், படத்துக்கு வர்ணம் தீட்டலாம், பந்து உருட்டலாம். கிட்ட வைத்துச் செய்யும் நுணுக்க வேலை கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நீண்டகாலம் நம்பினார்கள். 2008இல் வந்த ஆய்வில் கிட்ட வேலை செய்தவர்களுக்கும் தூர விளையாட்டு விளையாடியவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பிள்ளையை அரிசியில் கல் பொறுக்க வைத்து வருத்த வேண்டாம். பிளாஸ்டரைக் கையால் தொடாமல் எதில் லயித்திருக்கிறதோ அதுவே நல்ல விளையாட்டு.

10. பட்டப்பெயர் பிறக்குமுன் தடுத்துவிடுங்கள்.

ஒட்டிய முதல் நாளே ஒரு பையன் "ஒத்தக்கண்ணன்" என்பான். மாலைக்குள் லயம் முழுக்க அதுவே பெயராகிவிடும், பிறகு பிள்ளை பிளாஸ்டரைத் தொட விடாது. முதல் நாள் காலையில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, இன்னாரின் இந்தக் கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். பொம்மைக்கு ஒன்று ஒட்டுங்கள். கேட்கிற பிள்ளைக்குக் கையில் ஒன்று ஒட்டி விடுங்கள். பிளாஸ்டரில் பூவோ பஸ்ஸோ வரையும் உரிமையை ஒட்டிக்கொள்ளும் பிள்ளைக்கே கொடுங்கள். பெரியவர்கள் "குருடு" என்ற சொல்லை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

11. சொட்டு மருந்து கொடுத்தால் அதன் குணம் அறிந்து கையாளுங்கள்.

பிளாஸ்டருக்குச் சம்மதிக்காத பிள்ளைக்குச் சிலசமயம் அட்ரோபின் சொட்டு எழுதுவார்கள். அதுவும் நல்ல கண்ணுக்குத்தான். அந்தக் கண்ணின் கிட்டப் பார்வையை மங்கவைத்து மற்றதை வேலைவாங்கும். நடுத்தர மந்தத்துக்கு இது பிளாஸ்டருக்கு ஏறக்குறைய சமம் என்று 2002இல் காட்டினார்கள்.

ஆனால் வாய்க்குள் போனால் அது நஞ்சு. குப்பியைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், விட்டபின் கையைக் கழுவுங்கள். முகம் சிவந்து, உடம்பு சுட்டு, பிள்ளை உளறினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

12. பிளாஸ்டரையும் ஆபரேஷனையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்டர் பார்வையைக் கூட்டும், மாறுகண்ணை நேராக்குவது அதன் வேலை அல்ல. ஆபரேஷன் கண்ணை நேராக்கும், மந்தமான பார்வையைக் கூட்டாது. "இவ்வளவு நாள் ஒட்டியும் கண் நேராகலையே" என்று தாய் மனம் உடைந்து விட்டுவிடுவாள். இந்த வித்தியாசத்தை முதல் நாளே விளக்கிவிட்டால் அந்த ஏமாற்றம் வராது.

"ஒரு கண் நல்லாத்தானே இருக்கு, அது போதும்" என்பவர்களும் உண்டு. நாளைக்குக் கவ்வாத்து வெட்டும்போது ஒரு வாது தெறித்து அந்த நல்ல கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள். நம் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

13. குணமானதும் கைவிடாதீர்கள்.

பார்வை தேறியதும் எல்லாரும் பெருமூச்சு விட்டுப் பிளாஸ்டரைத் தூக்கிப் போடுவார்கள். வைத்தியம் நிறுத்திய பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் பார்வை மறுபடி இறங்கியதாக 2004இல் வந்த ஆய்வு சொல்கிறது. நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் மூடியதைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு அது இன்னும் அதிகம். 2 மணி நேரமாகக் குறைத்து நிறுத்தியவர்களுக்கு வெகு குறைவு. எப்போது, எப்படிக் குறைப்பது என்று வைத்தியர் சொல்லட்டும்.

வயது கடந்துவிட்டது என்றும் கைகழுவாதீர்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் வைத்தியத்தால் தேறினார்கள் என்று 2005இல் கண்டிருக்கிறார்கள். பதின்மூன்றுக்கு மேல், முன்பு வைத்தியமே செய்யாத சிலருக்கும் பலன் கிடைத்தது. சின்ன வயதில் செய்தால் சுலபம், பெரிய வயதில் கடினம், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அதன் அண்ணன் அக்காவையும் தம்பி தங்கச்சியையும் காட்டச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடர்வதுண்டு.

14. பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நாளில் கொப்பியும் போகட்டும்.

ஐந்து வயதில் பிள்ளை நம் கையைவிட்டு முதலாம் ஆண்டுக்குப் போய்விடும். பெரும்பாலும் அங்கேதான் வைத்தியம் அறுந்துபோகிறது. பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் பிளாஸ்டர் ஏன் என்று தெரியாது, தாய்க்குக் கேட்கக் கூச்சம், பிள்ளைக்கு அங்கே புதுக் கூட்டாளிகள் முன்னால் வெட்கம். ஜனவரிக்குக் காத்திருக்காமல் முன்னமே போய் டீச்சரைப் பாருங்கள். பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்தபின் ஒட்டலாமா என்று வைத்தியரிடம் கேட்டு, அந்த நேரத்துக்கு வீட்டில் யார் இருப்பார் என்பதையும் முடிவு செய்யுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் அதற்குக் கீழே வீட்டில் அந்தப் பொறுப்பை ஏற்பவரின் பெயரையும் எழுதிவிட்டு, டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.